மரியாதை கொடுத்தால் கையைப் பிடி

எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். அப்பா நீ, அம்மா நீ, பல் போன கிழவன் நீ, கோயிலில் நிற்கிற ஆத்தாவும் நீ. "நைனா, இன்னா இன்னிக்கு இவ்ளோ லேட்டா வர்றே" என்று அப்பாவைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். எங்கள் பேச்சைக் கேட்டு மரியாதை தெரியாத ஜனம் என்று சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எங்களுக்கு மரியாதை நன்றாகவே தெரியும். அதை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

உறவு அறுகிறபோதுதான் எடுப்பார்கள். வேறு சமயத்தில் 'நீங்க' என்ற சொல் எங்கள் ஆட்கள் வாயில் வராது.

நான் முதன்முதலில் அதைக் கேட்டது ஒரே வலையை வைத்துத் தொழில் செய்த அண்ணன் தம்பி சண்டையில். காலையிலிருந்து இரண்டு பேரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். ஒருத்தன் தாயை மற்றவன் இழுத்துத் திட்டினான். இரண்டு பேருக்கும் தாய் ஒருத்திதான் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பல் தெறித்தது, மண்டை உடைந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் பாட்டுக்கு மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன்காரன் எழுந்து, உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, குரலைத் தணித்து, "நீங்க உங்க பங்க எடுத்துகினு போங்க" என்றான். அவ்வளவுதான், "மருவாதி குடுக்கறான்டா, கையப் புடிங்கடா" என்று நடக்க முடியாத கிழவர்கள்கூட எழுந்து ஓடினார்கள். அவர்கள் பிடிப்பதற்குள் மீன் அரிகிற கத்தி தம்பிக்காரன் வயிற்றில் இறங்கிவிட்டது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்துகிற வழக்கமெல்லாம் கிடையாது.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரம் கடலோரத்தில், துறைமுகச் சுவருக்கு வடக்கே எங்கள் குடிசை. கட்டுமரம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆர்பரில் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். என் அப்பாவும் போனார். தோளில் ஒரு துண்டு, துண்டின் மேல் மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி, அவ்வளவுதான் அவருடைய தொழில் சாமான்.

அப்பாவுக்கு ஒரு அக்கா. என் அத்தை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்தது அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே நான் இரண்டு வீட்டுக்கும் ஒரே பெண் பிள்ளை. காலையில் அம்மா வீட்டில் கண் விழித்தால், நாஸ்டா அத்தை வீட்டில். அவள் மடியில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மாவுக்கு இதில் புகைச்சல் உண்டு. ஒரு நாள் அம்மா கஞ்சி ஊற்றி வைத்துக்கொண்டு கூப்பிட, நான் அத்தை வீட்டில் வஞ்சிர வறுவலை மென்றுகொண்டிருந்தேன். அம்மா வந்தாள்.

"பெத்தவ நானா நீயாடி?"

"பெத்தா போதுமாடி, கஸ்மாலம். கொழந்த மூஞ்சப் பாரு, எலும்பும் தோலுமா கீது."

அம்மா அத்தையின் கொண்டையைப் பிடித்தாள். அத்தை அம்மாவின் காதைப் பிடித்தாள். கம்மலோடு காது கிழிந்து ரத்தம் ரவிக்கையெல்லாம் வழிந்தது. நான் மிச்ச மீனைத் தின்றுகொண்டே பார்த்தேன், ஏனென்றால் இரண்டு பேரும் 'டீ' போட்டுத்தான் பேசினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சாயங்காலம் அத்தையே மஞ்சளை இழைத்துக்கொண்டு வந்து, "காட்டுடி காத, ரொம்பத்தான் சிலுப்பிக்காத" என்று அம்மாவுக்குப் பற்றுப் போட்டாள். அம்மா வலியில் அவளை இன்னும் நாலு வார்த்தை திட்டினாள். பிறகு இருவரும் ஒரே சட்டியில் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே, அதை எனக்கு யாரும் பழமொழியாகச் சொல்லித் தரவில்லை. அடித்தால் நம்ம ஆள், மரியாதை கொடுத்தால் அந்நியன். உலகத்தைப் பற்றி நான் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான், அதுவே போதும் என்றும் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வாத்தியார் மேற்கே எங்கேயோ இருந்து வருகிறவர், நெற்றியில் பட்டை, வெள்ளைச் சட்டை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றபோது, பிடித்த மனுஷர் ஆயிற்றே என்று, "சார், கொஞ்சம் தள்ளிக்கோயேன், நீ எழுதறது தெரியல" என்றேன். ரூல்தடி என் விரல் முட்டிகளில் இறங்கியது.

"நீங்க எழுதறதுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவருக்கும் எனக்கும் என்ன பகை? இன்னொரு அடி விழுந்தது. முட்டி வெடித்து ரத்தம் வந்தது. அடிக்கிறார், அதனால் என்னை அவருக்கும் பிடிக்கிறது, பிறகு ஏன் இந்த மனுஷர் உறவை அறுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. கடைசியில் தாங்க முடியாமல், "நீங்க" என்று சொல்லிவிட்டுக் கோவென்று அழுதேன். கை வலிக்கிறது என்று நினைத்து அவர் தலையைத் தடவினார். எல்லாம் முடிந்துபோயிற்று, இனிமேல் இவர் என்னோடு பேசமாட்டார் என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

அத்தையிடம் ஓடிப் போய்க் கையைக் காட்டினேன். அவள் அந்த வாத்தியாரின் ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டிவிட்டு, எண்ணெய் போட்டாள். "அவங்க ஊர்ல பெரிய மனுசன அப்டித்தான் கூப்புடுவாங்களாம், கண்ணு. அங்க கீற வரைக்கும் சொல்லிக்கோ. ஆனா அந்தப் பேச்ச செருப்பு மாதிரி வாசல்லயே உட்டுட்டு வூட்டுக்குள்ள வரணும். தெரிதா?" என்றாள்.

எனக்கு அப்போது செருப்பே கிடையாது. ஆனாலும் புரிந்தது.

அத்தை புருஷனும் மூட்டை தூக்கினவர்தான். மாமா என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பீச்சு ஓரமாகவே காசிமேடு வரைக்கும் நடப்பார். கண்ட்ராக்டர் அவரைக் கேங்குக்கு மேஸ்திரி ஆக்கினான். மேஸ்திரி என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. காலையில் ஆர்பர் கேட்டுக்கு வெளியே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி கையில் ஒரு பிரம்போடு வருவார். யார் தோளைப் பிரம்பு தொடுகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை, அவன் வீட்டில் அடுப்பு எரியும். தொடவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமா காக்கி அரை டிராயர், பூட்ஸ் எல்லாம் போட ஆரம்பித்தார். குப்பத்தை விட்டுப் பெரிய தெருவில் ஓட்டு வீட்டுக்குக் குடிபோனார். அத்தைக்குப் போக இஷ்டமே இல்லை. போன பிறகும் தினம் ஒரு தடவை எங்கள் குடிசைக்கு வந்து என்னை ஒரு அடியாவது அடித்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு நானும் கேட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்குப் பக்கத்தில் கண்ட்ராக்டரின் குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு நின்றான். மாமா வரிசையில் வந்துகொண்டே இருந்தார். அப்பா எப்போதும் போல, "இன்னா மச்சான், இன்னிக்கு எந்தக் கப்பலு, சொல்லு" என்றார்.

குமாஸ்தா உதட்டை மடித்துச் சிரித்தான். "என்ன மேஸ்திரி, உன் ஆளே உன்னை மதிக்க மாட்டேங்கறான்."

மாமாவின் முகம் கறுத்தது. "இன்னிலேர்ந்து என்னை நீங்கன்னு கூப்புடணும். எல்லாரும்தான். நீயும்தான்" என்றார் அப்பாவிடம்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வாத்தியாரிடம் ஆன மாதிரியே ஆயிற்று அவருக்கு. நிஜமான கவலையோடு, "இன்னாத்துக்கு மச்சான்? நமக்குள்ள இன்னா தகராறு?" என்று கேட்டார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. எங்கள் ஆட்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது, மேஸ்திரி தானாக வந்து பகை கேட்கிறான் என்று. மாமா பிரம்பால் அப்பாவின் முகத்தில் வீசினார். பிறகு பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்தார். அப்பா விழுந்ததும் மாமாவின் புது ஆட்கள் இரண்டு பேர் வந்து விலாவிலும் முகத்திலும் மிதித்தார்கள். பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா கட்டுமஸ்தான உடம்புக்காரர். கொக்கி தோளிலேயே கிடந்தது. எடுத்திருந்தால் மூன்று பேரையும் கிழித்திருக்கலாம். எடுக்கவில்லை. நான் தூக்கைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். கஞ்சி எல்லாம் ரோட்டில் ஓடியது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அப்பா, "அயுவாத கண்ணு. அக்கா புருசன் மேல கை வெக்கக் கூடாது" என்றார்.

அதன் பிறகு பிரம்பு அப்பாவின் தோளைத் தொடவில்லை. தினமும் விலாவைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பார். மாமா அவருக்கு முன்னால் இருக்கிறவனைத் தொடுவார், பின்னால் இருக்கிறவனைத் தொடுவார். வேறு கேங்கில் கேட்டால், உன் மச்சான் வேண்டாம் என்றானே என்றார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அத்தை மடியில் அரிசி கட்டிக்கொண்டு வந்தாள். "அவன் அரிசி வாணாம்" என்று அப்பா தட்டிவிட்டார். அரிசி மணலில் கொட்டியது. அத்தை அப்பாவை அறைந்தாள். "அவன் அரிசியா? நான் உன்ன வளத்தவடா. கொழந்த பட்டினி கெடக்குது, ரோஷமாம் ரோஷம்." அவளும் நானும் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கினோம். பசியில் நான் பச்சை அரிசியை மணலோடு மென்றேன். பல்லில் நறநறவென்றது.

அம்மா யோசித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ போயி உங்க மாமன்கிட்ட பேசு. இஸ்கூல்ல கத்துகினியே, அந்த மாதிரி பேசு. அந்தாளுக்கு அதான புடிக்குது."

"அத்த திட்டுமே."

"ஆடு பகையானாலும் குட்டிய உடமாட்டா அவ. உம்மேல அவளுக்கு உசுரு. போ."

போனேன். பயமாகத்தான் இருந்தது. அப்பாவின் வேலையைவிட எனக்கு அந்த வீடுதான் பெரிது. சின்னப் பிள்ளையின் மனசு அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பட்டினி கிடந்துகூடப் பழகிவிடலாம், அத்தை இல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. மாமா வாசலில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். நான் கைகட்டி நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "மாமா, நீங்க எங்க நைனாவுக்கு வேலை குடுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று விட்டாள் பாருங்கள், காதுக்குள் ரயில் ஓடியது. "யாரு வூட்டு வாசல்ல நின்னுகினு யாரடி நீங்கன்றே? நான் செத்தா பூட்டேன்?" என்றாள். எனக்கு வலித்தது, ஆனால் உயிர் வந்தது. அடித்துவிட்டாள், அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாமா எழுந்து, "கொழந்த மரியாதையா பேசினா உனக்கு இன்னாடி" என்று அத்தையை மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். என் முன்னாலேயே மோதினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம், "உங்கப்பனுக்கும் இதச் சொல்லிக் குடு. வந்து சொல்லட்டும், நாளைக்கே வேலை" என்றார்.

மறுநாள் அத்தை குடிசைக்கு வந்தபோது ஒரு கண் மூடிக் கிடந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அப்பா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அத எப்டி சொல்லணும்? எனக்கு கத்துக்குடு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்கு வாத்தியார் நான். "நீங்க உக்காருங்க", "நீங்க வாங்க", "நீங்க குடுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் உடைந்த பல்லோடு திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னால் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் சிரித்தார். அம்மா மட்டும் பானை கழுவுவதை நிறுத்திவிட்டு, "இன்னாய்யா, உன் பேச்சே ஒரு மாதிரியா கீது" என்றாள். "வேலை வாணாவா?" என்றார் அப்பா. அம்மா மறுபடி பானையைக் கழுவ ஆரம்பித்தாள். வேலை வேண்டுமே.

சாயங்காலம் துண்டைப் போட்டு, துண்டின் மேல் கொக்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "இன்னாத்துக்கு நைனா கொக்கி" என்று கேட்டேன். "வேலை குடுத்தான்னா அப்டியே கெளம்பணுமில்ல" என்றார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவில் குதித்துக் குதித்துப் போனேன். இனிமேல் நாஸ்டா அத்தை வீட்டில்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

மாமா அதே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் குமாஸ்தா டீ குடித்துக்கொண்டிருந்தான். அப்பா வாசற்படிக்குக் கீழே நின்றார். என் விரலை விட்டார்.

"வணக்கம்" என்றார். "நீங்க நல்லா கீறீங்களா?"

மாமா குமாஸ்தாவைப் பார்த்துக் கண்ணடித்தார். காலை நீட்டிக்கொண்டார். அந்த மனுஷன் குப்பத்தில் பிறந்தவன். அதே மணலில் புரண்டவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து ஓட வேண்டும் என்பது அவன் ரத்தத்திலேயே இருக்க வேண்டும். பூட்ஸ் போட்டதும் மறந்துபோயிற்று.

"நீங்க மேஸ்திரி. நான் கூலிக்காரன்" என்றார் அப்பா. "உங்களுக்கும் எனக்கும் இனிமே..."

குரல் தணிந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்த சொல்தான், ஆனால் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அவர் சொல்லவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்த அந்த அண்ணன்காரனின் குரல் அது. "நைனா, வாணாம்" என்றேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

உள்ளே அத்தைக்கும் கேட்டுவிட்டது. அந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்கிற காது அவளுக்குத்தான் இருந்தது. கையில் மீன் செதிலோடு, "டேய், வாணான்டா" என்று ஓடி வந்தாள். கொக்கி அப்பாவின் தோளிலிருந்து இறங்கி மேலே போய்விட்டது. அவள் குறுக்கே கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே சதையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கொக்கியின் முனை தெரிந்தது. நாற்காலி கவிழ்ந்தது. மாமா உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே பெண்டாட்டி, உள்ளே தாழ்ப்பாள். குமாஸ்தா குடையைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினான்.

அத்தை கத்தவில்லை. இன்னொரு கையால் கொக்கியைப் பிடித்துத் தானே இழுத்தாள். ரத்தம் படியில் கொட்டியது. அப்பா துண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய், "அக்கா, காட்டு. கையக் காட்டுக்கா. உனக்கில்லக்கா, உனக்கில்ல" என்று சின்னப் பையனைப் போல அழுதார். அவள் ஒரு படி பின்னால் போனாள். சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். சாத்திய கதவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இருந்தது அந்தக் கதவுதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள் போல.

"நீங்க போங்க" என்றாள் அப்பாவிடம்.

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சேலை ஈரமாக இருந்தது. அவள் என்னை அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு அறை விட்டிருந்தால் போதும், நான் அங்கேயே இருந்திருப்பேன். அவள் என் கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், வலிக்காமல் பிரித்தாள்.

"நீங்களும் போங்க" என்றாள் என்னிடம்.